உன் அம்மா வாய் திறந்து கேட்ட நாள்

அன்பு மகள் வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அம்மாவும் நலம். இந்த இரண்டாவது நலத்தை இன்னொரு தடவை படித்துக்கொள், ஏனென்றால் இதற்குக் கீழே வரப்போகும் செய்தியைப் பார்த்துவிட்டு நீ தாம்தூம் என்று குதிக்கப்போகிறாய். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தக்கபடி உடுத்திக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். விஷயம் இதுதான். அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். நல்லபடியாக முடிந்து, தையலும் பிரித்தாயிற்று. இப்போது சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் உப்புப் போடுவதைக் குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்பது அவள் போட்ட உத்தரவு, அதை மீற எனக்குத் தைரியம் இல்லை. திட்டுவதானால் என்னைத் திட்டு. போனில் அவளிடம் கத்தாதே, அவளும் பதிலுக்குக் கத்துவாள், கத்தினால் இன்னும் வயிறு இழுக்கிறதாம்.

இதை வெறும் உடம்புச் சேதியாக எழுதி முடித்திருப்பேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழாக்குறையாகப் பேசினாயே, காது கேளாத பிள்ளைகளுக்காக வேலை செய்யும் சின்னச் சின்ன அமைப்புகளை எல்லாம் ஒன்று சேர்க்கும் வேலையை உன் தலையில் கட்டியிருக்கிறார்கள், முதல் கூட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள், இரண்டாவதற்குப் பாதிப்பேர், மூன்றாவதற்கு நீயும் பிஸ்கட் தட்டும்தான் என்று. அன்றைக்கே இங்கே நடந்ததைச் சொல்ல நாக்குத் துடித்தது. சொன்னால் ஆபரேஷனையும் சொல்லவேண்டி வரும், அதனால் அடக்கிக்கொண்டேன். இனி அடக்கவேண்டியதில்லை. நிதானமாக உட்கார்ந்து படி.

ஞாபகம் தப்பிப்போன பெரியவர்களைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்ள அம்மா நடத்தும் இடம் உனக்குத் தெரியும். அதேபோல இன்னும் மூன்று இடங்கள் இங்கே இருக்கின்றன. ஒன்று, ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்ற ஹெட் நர்ஸ் நடத்துவது. இன்னொன்று, மனைவிக்கு இந்த நோய் வந்த பிறகு பஸ் டிரைவர் ஒருவர் தன் வீட்டு மாடியிலேயே ஆரம்பித்தது. மூன்றாவது, மருந்துக்கடைக்காரருடையது. நாலு பேருக்கும் ஒரே கவலை, ஒரே மாதிரிப் பெரியவர்கள், ஆனால் தெருவில் எதிரே வந்தால் பார்க்காத மாதிரிப் போவார்கள். இவர்கள் ஒன்றாகச் சேரவேண்டும் என்று நகராட்சி ஆபீசில் யாரோ சொல்லிவைக்க, கூட்டமைப்பு என்று ஒன்று ஆரம்பித்தார்கள். முதல் மூன்று கூட்டங்களுக்கு நானும் போனேன், நாற்காலி தூக்கும் இலாகாவுக்கு நான்தானே மந்திரி. ஒவ்வொருவரும் எழுந்து தங்கள் இடத்தின் பெருமையை அரை மணி நேரம் பாடுவார்கள். மற்றவர்கள் தங்கள் முறை எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பேனரில் யார் பெயர் மேலே வரவேண்டும் என்று ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை. கடைசியில் பேனரே அடிக்கவில்லை.

நாலாவது கூட்டத்தில் ஹெட் நர்ஸ் மேஜையைத் தட்டினார். இனிமேல் இங்க யாரும் தன் பெருமையப் பேசக்கூடாது, ஆளுக்கு ஒண்ணு, தன்கிட்ட எது இல்லையோ அத மட்டும் கேட்கணும், கேட்டுட்டு உட்காரணும் என்று சொல்லிவிட்டு, அவரே முதலில் கேட்டார். படுத்திருப்பவரைத் தூக்கும்போது எங்க பொண்ணுங்களுக்கு இடுப்புப் பிடிச்சுக்குது, நான் சொல்லிக் குடுத்தும் சரியா வரல, எப்படித் தூக்கணும்னு யாராவது வந்து சொல்லித் தருவீங்களா என்றார். ஆஸ்பத்திரியையே ஆட்டிவைத்தவர் அப்படிக் கேட்டதும் மற்றவர்களுக்கும் கூச்சம் விட்டுப்போயிற்று. ஆண்களைக் குளிப்பாட்ட ஆள் இல்லை என்று பஸ்காரர் கேட்டார், மருந்துக்கடைக்காரர் தன் கடைப் பையனை அனுப்பினார். மருந்துக்கடைக்காரருக்குச் சக்கர நாற்காலி வேண்டியிருந்தது, உன் அம்மா கொடுத்தாள். ஒரு வருஷத்தில் நாலு இடத்துக்கும் நடுவே ஆளும் பொருளும் போக வர ஆரம்பித்துவிட்டன.

ஆனால் உன் அம்மா மட்டும் கேட்கமாட்டாள். அவள் முறை வரும்போதெல்லாம், எங்களுக்கு ஒரு குறையும் இல்ல, அடுத்தவங்க சொல்லுங்க என்பாள். கொடுப்பதில் குறை வைக்கமாட்டாள், நாற்காலி கொடுப்பாள், நல்ல வேலைக்காரப் பெண்ணைக் கொடுப்பாள், கொடுத்துவிட்டு வீட்டில் வந்து தனியாகத் திண்டாடுவாள். இப்படி இருந்தால் எல்லோரும் அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். நடந்தது வேறு. பஸ்காரர் அவளிடம் கேட்பதையே நிறுத்திவிட்டார். நம் வாசலைத் தாண்டிப் போய், ஊர்க்கோடியில் யாரிடமோ ஒரு சக்கர நாற்காலியை வாங்கிக்கொண்டு திரும்பவும் நம் வாசல் வழியே தள்ளிக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. நான் அவரைத் தெருமுனையில் பிடித்துக் கேட்டேன். எப்பவும் நானே கை நீட்டிக்கிட்டு நிக்கணுமாண்ணே, ஒரு நாளாவது அவங்க எங்கிட்ட ஏதாவது கேட்டா நானும் அவங்க முன்னால நிமிர்ந்து நிப்பேன்ல என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன், அவள் துவைத்த துணியையே மறுபடி துவைக்கப் போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் வலி வந்தது. டாக்டர் வயிற்றைத் திறந்துதான் எடுக்கவேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே வினையாகும், எடுத்த பிறகு ஒன்றரை மாதம் எதையும் தூக்கக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அம்மா சரி சரி என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும், இப்ப முடியாது, இடத்த யார் பாத்துக்குவா என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது மகளே. சலவைக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண் தன் தகப்பனாரை நம்மிடம் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள். நம் இடம் ஒரு வாரம் பூட்டியிருந்தால் அவரை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும், முன்பு அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள். அதை நினைத்து நினைத்து அம்மா ஆபரேஷனைத் தள்ளினாள். வலி வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், பெரியவர்கள் பார்த்தால் ஏதோ சுவரில் அழுக்கு இருக்கிற மாதிரித் துடைப்பாள். நான் கெஞ்சினேன், கோபித்தேன், சாப்பிடமாட்டேன் என்றும் மிரட்டினேன். அவள் மசியவில்லை. அவள் போய்விடுவாளோ என்று நான் பயந்துபோனேன் என்பதை உன்னிடம் மறைக்கமாட்டேன்.

அடுத்த கூட்டத்தில் நான் கடைசி நாற்காலியில் பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா முறை வந்தது. எழுந்தாள், எங்களுக்கு என்று ஆரம்பித்தாள், நின்றுவிட்டாள். ஹெட் நர்ஸ், பரவாயில்ல உட்காருங்க என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மா மேஜையைப் பார்த்துக்கொண்டே, எனக்கு உடம்பு முடியல, ஆபரேஷன் பண்ணணும், ஒன்றரை மாசம் என் இடத்த நீங்க பாத்துக்குவீங்களா என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். பஸ்காரர் எழுந்து, இதுக்குத்தாம்மா இத்தன நாளா காத்துக்கிட்டிருந்தேன் என்று சொல்லிவிட்டு, எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் பதறிப்போய், ஐயையோ நோவுக்கு இல்லம்மா, நீங்க கேக்குறதுக்கு என்றார். அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தாள்.

அந்த ஒன்றரை மாதத்தைப் பற்றி எழுத இந்தத் தாள் போதாது. பஸ்காரர் காலை ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டு தினமும் வந்து கதவைத் திறந்தார். நம் இடத்துக்கு வரும் பெரியவர்களில் அந்தப் பழைய பள்ளிக்கூட வாத்தியார் தினமும் வருகைப் பதிவு எடுப்பாரே, அம்மா பெயரைக் கூப்பிட்டபோது பதில் வராமல் அவர் தவித்துப்போக, பஸ்காரர் குரலை மெலிதாக்கிக்கொண்டு உள்ளேன் ஐயா என்றாராம். அதிலிருந்து தினமும் அவரேதான். மருந்துக்கடைக்காரர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மதியம் சாதம் ஊட்ட வந்தார். ஹெட் நர்ஸ் ஆஸ்பத்திரியில் அம்மா பக்கத்திலும் இருந்தார், நம் இடத்தையும் ஒரு சுற்று வந்து, அலமாரியை எல்லாம் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்துவிட்டார். அதில் மட்டும் அம்மாவுக்கு இன்னும் மூக்கு மேல் கோபம், போர்வை எடுக்கக் கை விட்டால் ஒவ்வொரு தடவையும் துண்டு வருகிறது. சலவைக் கடைப் பெண் ஒரு நாள் கூட வேலைக்கு மட்டம் போடவில்லை. நான் லிஃப்ட் ரிப்பேர் பார்த்துக் காலம் தள்ளியவன், நன்றி சொல்ல நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வராது. நாலு இடத்துக் கதவுக் கீல்களுக்கும் எண்ணெய் போட்டுக் கொடுத்தேன். அவர்களை நினைத்தால் மனசு நிறைந்து போகிறது, இவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

ஒருவர் இடத்தை ஒருவர் நடத்திப் பார்த்ததில் இன்னொரு நன்மை. பெரியவர்களைக் கூட்டிவர ஒரு வண்டி வேண்டும் என்று நாலு பேரும் தனித்தனியாக நகராட்சி ஆபீசுக்கு அலைந்தபோது நாலு சாக்குச் சொல்லி அனுப்பிய அதிகாரி, போன வாரம் நாலு பேரும் ஒன்றாகப் போய் உட்கார்ந்ததும் டீ சொன்னாராம். வண்டி வருமோ வராதோ, டீ வந்துவிட்டது. அதனால் உனக்கு நான் சொல்வது, பெரிய வேலை செய்பவளுக்கு நான் என்ன சொல்வது, ஆனாலும் சொல்கிறேன். உன் கூட்டத்துக்கு வராதவர்களுக்கு எங்கள் ஆபீஸ் உங்களுக்கு இதைச் செய்யும் அதைச் செய்யும் என்று எழுதாதே. உனக்கு உண்மையாகவே தெரியாத ஒன்றைக் கேட்டு, அவர்கள் வீட்டுப்படி ஏறு. அவர்கள் உனக்கு ஒரு உதவி செய்யட்டும், பிறகு பிஸ்கட் தட்டுக்குத் துணை கிடைக்கும்.

இருவரும் நீண்ட ஆயுளோடும் குறையில்லாத மனசோடும் இருக்க எங்கள் ஆசிகள். மாப்பிள்ளையின் முதுகு வலிக்குப் படுக்கையை மாற்றச் சொன்னேனே, மறக்காதே. கடைசியாக ஒன்று. அம்மா இப்போது என் பக்கத்தில்தான் இருக்கிறாள். ஒரு மாசம் லீவு போட்டுட்டு வரமுடியுமான்னு அவகிட்ட கேட்டு எழுதுங்க என்றாள். எதற்கு, ஏதாவது வேலை இருக்கிறதா என்றேன். வேலை எல்லாம் ஒண்ணும் இல்ல, அவளப் பாக்கணும் போல இருக்கு என்றாள். எழுதி முடிப்பதற்குள், வேண்டாம் அடிச்சிடுங்க, புது வேலை, அவளுக்கு என்ன கஷ்டமோ என்கிறாள். நான் அடிக்கவில்லை. நீ புறப்பட்டுப் போன நாளில் இருந்து, எனக்கு ஒண்ணும் வேணாம் நீ நல்லா இருந்தா போதும் என்பதைத் தவிர அவள் உன்னிடம் எதுவும் சொன்னதில்லை. வரமுடியாவிட்டால் முடியாது என்றே தயங்காமல் எழுது, அவள் தாங்கிக்கொள்வாள். நான்தான் தாங்கமாட்டேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா