விடுமுறையில் ஓடிய சுத்திகரிப்பு நிலையம்

வேலம்பாளையம், திருப்பூர்.

அன்பு மகள் தமிழ்மதிக்கு,

உன் தந்தை அழகுமலை எழுதுகிறேன். உன் ஆய்வுக்கட்டுரையின் நன்றியுரையிலிருந்து என் பெயரை நீக்க வேண்டும் என்று சொல்லவே இக்கடிதம். நானும் உன் அம்மாவும் நலம். அந்த வெளிநாட்டுக் குளிரில் நீயும் நலமாயிருக்க வேண்டும். உன்மேல் கோபம் இருந்தாலும் நீ நலமாயிருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். பசுமை நிதி பற்றியும் நிறுவனங்களின் சுற்றுச்சூழல் பொறுப்பு பற்றியும் பத்தாண்டுகளில் வந்த முந்நூற்றுப் பன்னிரண்டு ஆய்வுகளைத் திரட்டி, ஆராய்ச்சி எத்திசையில் செல்கிறது என்று காட்டியிருக்கிறாய். உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவற்றுள் நேரில் சென்று நீரை அளந்தவை ஒன்பதே என்று வருந்திய நீயே, அடுத்த பக்கத்தில் உன் மாமா செங்கோட்டையனின் சாயப்பட்டறையை, அவர் கொடுத்த அறிக்கையை மட்டும் நம்பி, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முன்மாதிரி என்கிறாயே, இது என்ன முறை? போதாததற்கு, 'தரவுகளைச் சரிபார்த்த நீர்ப் பரிசோதகர், என் தந்தை' என்று வேறு எழுதியிருக்கிறாய். நான் எப்போது சரிபார்த்தேன்?

உன் அட்டவணையைப் பார். தீபாவளி விடுமுறை பத்து நாளும் தினம் நானூற்றுப் பத்து கிலோலிட்டர் சுத்திகரித்ததாக உள்ளது. தீபாவளிக்கு ஊரே பூட்டிக்கிடக்கும் என்பது வெளிநாட்டாருக்குத் தெரியாமல் போகலாம், இங்கே பிறந்து வளர்ந்த உனக்குமா தெரியாது? பட்டறையின் சுத்திகரிப்பு நிலையத்தை இயக்கும் அந்தோணிராஜைக் கேட்டேன். "ஊருக்குப் போற நாசரேத்து பஸ்ஸுக்கு நேரமாயிட்டுல்லா சார், பத்து நாளைக்கும் சேத்து எழுதிப் போட்டுட்டுதான் போனேன்" என்று கூச்சமே இல்லாமல் சொன்னான். சென்ற வாரம் மழை பெய்த மறுநாள் பட்டறையின் பின்புற ஓடையில் நானே நீரெடுத்துச் சோதித்தேன். உப்பின் அளவு அனுமதித்ததைப் போல மூன்று மடங்கு.

உன் மாமாவோ உன் கட்டுரையை வங்கியில் காட்டிக் குறைந்த வட்டிக்குப் பசுமைக்கடன் கேட்டிருக்கிறார். "ஏனுங்க மாப்பிள்ளை, உங்க புள்ளையே சர்டிபிகேட் குடுத்துப்போட்டா, இனி நீங்க பாட்டிலத் தூக்கிட்டு அலைய வேண்டியதில்லீங்க" என்று நாலு பேர் முன்னால் சிரித்தார். உன் அம்மா மூன்று நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. "எங்கண்ணனக் காட்டிக் குடுத்துப்போட்டு அந்த ஊட்டுப் படிய நான் எப்படிங்க மிதிக்கிறது" என்பதுதான் அவள் கேள்வி. அவள் கேள்வி நியாயம்தான்; ஆனாலும் அதற்காகப் பொய்க்கு என் பெயரைத் தர மாட்டேன்.

கட்டுரை அடுத்த மாதம்தான் அச்சாகிறது. அந்தப் பகுதி முழுவதையும் விலக்கிக்கொள்வதாக இதழாசிரியருக்கு நீயே எழுது, கண்ணு. பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனால் போகட்டும். வேளைக்குச் சாப்பிடு. உனக்கு என் ஆசிகள் எப்போதும் உண்டு.

நாளைக் காலை உன் மாமாவிடம் நேரில் சொல்லிவிட்டு, என் சோதனை முடிவைக் கையொப்பமிட்டு வங்கியிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் நானே கொடுக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் தந்தை,
அழகுமலை