கரண்டு போனால் மறந்துவிடும் பெட்டி

என் கோபக்காரச் செல்ல அண்ணனுக்கு,

நீ போய்ச் சேர்ந்த பிறகும் உன்னைத் திட்ட வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மணமேல்குடி வீட்டு மாடியில் நீ செய்து வைத்துவிட்டுப் போன ரேடியோப் பெட்டி நேற்று என் உயிரை எடுத்துவிட்டது.

என் வீட்டுக்காரர் கடலில் இருந்தார். மத்தியானம் காற்று திரும்பி வானம் கறுத்தது. கரண்டு போய்விட்டு வந்தது. கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது, ரேடியோ ஊமையாகவே கிடந்தது. கரண்டு போனால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும், அதை இயக்க நீ எழுதிய ஃபர்ம்வேர் நிரலைக் கம்ப்யூட்டரை ஓட்டும் கெர்னல்தான் ஒவ்வொரு தடவையும் எடுத்து ஊட்ட வேண்டும் என்பது உனக்குத் தெரியாததா? ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்று திரையில் வந்தது. போய்ப் பார்த்தால் கோப்பு வைத்த இடத்திலேயே இருக்கிறது.

அண்ணி பின்னால் வந்து நின்றார்கள். "என்ன புள்ள, பெட்டி பேச மாட்டேங்குதா?"

"பேசும் அண்ணி, செத்த பொறுங்க," என்றேன். பொய்தான்.

"மழை அங்கிட்டுல்ல கட்டிக்கிட்டு நிக்கிது," என்று கடல் பக்கம் கையைக் காட்டினார்கள். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு இருந்த அதே முகம்.

திரையில் வந்ததை மேலிருந்து படித்தேன். போன வாரம் புதுக் கெர்னல் போட்டிருந்தேன்; அதற்கப்புறம் கரண்டு போனது நேற்றுத்தான். அதில் ரேடியோவோடு பேசும் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. எழுந்த கையோடு ஃபர்ம்வேரைக் கேட்கிறது. கோப்பு இருக்கும் டிஸ்க் அப்போது திறக்கவேயில்லை. டிஸ்க் திறந்திருந்ததால், டிரைவரிலிருந்து ரேடியோவைக் கழற்றி மறுபடி மாட்டினேன். இந்தத் தடவை கோப்பு போய்ச் சேர்ந்தது. ஒரே இரைச்சல், அதற்குள் என் வீட்டுக்காரர் குரல்.

"ஏ புள்ள, எம்புட்டு நேரமாக் கூப்புடுறேன்! எஞ்சின் நின்னு போச்சு, யாரையாச்சும் அனுப்பு!"

பக்கத்து வீட்டுப் படகு போய்க் கட்டி இழுத்து வந்தது. இப்போது கீழே தூங்குகிறார். ஊமைப் பெட்டியை எத்தனை தடவை கூப்பிட்டிருப்பார் அண்ணே?

கெர்னல் எழும்போதே கையில் எடுத்துக்கொள்ளும் சின்ன மூட்டைக்குள் உன் கோப்பையும் கட்டி வைத்துவிட்டேன். ஆனாலும் பயம் போகவில்லை. ஃபேன் நின்றாலே மாடிக்கு ஓடுகிறேன். அந்தக் கோப்பிலேயே கோளாறு வந்தால் நான் யாரைப் போய்க் கேட்பேன்?

எஞ்சின் சரியானதும் அவர் மறுபடி கடலுக்குப் போவார். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனிப் படகு கிளம்பும் முன்னால் மெயின் சுவிட்சை நானே அணைப்பேன். பெட்டி எல்லாவற்றையும் மறந்து, எழுந்து, என்னிடம் பேசிய பிறகுதான் அவரை விடுவேன்.

பயந்தாங்கொள்ளி என்று நீ கூப்பிட்ட
உன் தங்கச்சி