மாமா சஹனில் உட்கார்ந்த அன்று

அன்பு மகள் சுஹாவுக்கு உம்மா ஃபஸீலா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வுடைய ரஹ்மத்தால் இங்கே நான், வாப்பா, தம்பி முஸ்அப், நம் ஆடு உட்பட எல்லோரும் சுகம், உன் சுகத்தையும் ஹைதராபாத் ஹாஸ்டல் சாப்பாட்டின் சுகத்தையும் எழுது. மாமா கல்யாணம் முடிந்து இவ்வளவு தாமதமாகவா பதில் என்று கோபப்படாதே, வாடகைப் பாத்திரமெல்லாம் திருப்பிக் கொடுத்து இன்றுதான் நிமிர்ந்தேன். நீ கேட்டதற்குப் போனில் பதில் சொன்னால் பக்கத்து வீட்டு ஜுனைதா மாமி காதில் விழும், அப்புறம் கீழக்கரை முழுக்க விழும், அதனால்தான் கடிதம். விருந்து போட்டோவில் ஒருத்தரும் சாப்பிடாமல் காஜா மாமா முகத்தையே பார்க்கிறீங்களே, தாடியில் சோறா ஒட்டியிருக்கு என்று கேட்டிருந்தாய். அதைச் சொல்லத்தான் இவ்வளவும், சிரிக்காமல் எழுத முடியவில்லை எனக்கு.

முன்பு மாமாவுக்குக் காதில் யாரோ பேசுவதுபோல் கேட்டதும், மாத்திரை ஆரம்பித்தபின் அது அடங்கியதும் உனக்குத் தெரியும், நஸீஹா வீட்டிலும் சம்பந்தம் பேசும்போதே சொல்லிவிட்டோம். அந்த மாத்திரையில் அவன் உடம்பு ஊதிக்கொண்டே போனதல்லவா, நாங்கள் செய்த கூத்தைக் கேள். புள்ள தேறிட்டான், கண்ணு பட்டுரப் போவுது என்று ஜுனைதா மாமி தேங்காய்ப்பால் ஊற்றித் தொதல் அல்வா கிண்டிக் கிண்டி அனுப்ப, பி.எஸ்ஸி. படித்த உன் உம்மா நானும் அதற்குமேல் நெய்ச்சோறு போட்டேன், கடைசியில் கல்யாண ஷெர்வானியில் ஒரு பொத்தானைக்கூடப் பூட்ட முடியவில்லை! கல்யாணப் பதற்றத்தில் மறுபடி தூக்கம் கெட்டதும் டாக்டர் வேறு மாத்திரை எழுதினார், உடனே மாமா நடக்க ஆரம்பித்தான். முற்றத்திலிருந்து கொல்லை, கொல்லையிலிருந்து முற்றம், உட்கார்ந்தால் எழுந்திருப்பான், நின்றால் கால் மாற்றிக்கொண்டே இருப்பான். மாப்பிள்ளைக்கு அவசரம் பாருங்கடி என்று பெண்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தோம். ஏலே மச்சான், நீ நடந்த நடைக்கு ராமேஸ்வரம் போயிட்டுத் திரும்பியிருக்கலாம் என்று உன் வாப்பா வேறு.

நிக்காஹ் நெருங்கும்போது அக்காவான என்னிடம் வந்து, ராத்தா, கால் ரெண்டும் என் பேச்சக் கேக்க மாட்டேங்குது, உக்காந்தா உள்ளுக்குள்ள எறும்பு ஊறுது, பொண்ணு வீட்டு ஆளுகளோட சஹன்ல எப்படி உக்காருவேன், மாத்திரையத் தூக்கி எறிஞ்சிட்டேன் என்றான். சஹன் என்றால் ஒரே தாலத்தைச் சுற்றிச் சம்மணம் போட்டுக் கை நனைத்தபின் பாதியில் எழுந்தால் கூட உட்கார்ந்தவர்களை அவமதித்த மாதிரிதானே நம் ஊரில். அதற்குப் பயந்து மாத்திரையை விட்டால் அந்தக் குரல்கள் திரும்ப வருமே. எங்கே எறிந்தானோ, ஆடு தின்றுவிட்டதோ என்று முதலில் ஓடிப்போய் ஆட்டைப் பார்த்தேன், அது நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருந்தது.

மறுநாளே ராமநாதபுரத்துக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம், பஸ்ஸில் பாதி சீட் காலி, அவன் மட்டும் ஊர் வரும்வரை நின்றுகொண்டே வந்தான். டாக்டர் அவன் காலையே கொஞ்ச நேரம் பார்த்தார். இது கல்யாண அவசரமும் இல்லை, பழைய நோயும் இல்லை, மாத்திரையின் பக்கவிளைவு, சொன்னால் சரிசெய்துவிடலாம், நீங்களாக நிறுத்தினால்தான் ஆபத்து என்றார். அளவைக் குறைத்து, கூட ஒரு சின்ன மாத்திரை எழுதினார். பிறகு எனக்குத் திட்டு! உடம்பு ஊதினால் தேறியது என்று அர்த்தமில்லையாம், எடை, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் விடாமல் பார்க்க வேண்டுமாம். கழுத்து ஒரு பக்கம் இழுத்தாலோ கை நடுங்கினாலோ உடனே கூப்பிட வேண்டும். கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்து, புத்தி தடுமாறினால் ஒரு நிமிஷமும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்ததும் மாமாவே நஸீஹாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னான். அந்தப் பிள்ளை என்ன சொன்னது தெரியுமா, எந்திரிக்கத் தோணுனா எந்திரிச்சு நடங்க, செருப்ப எடுத்துக்கிட்டு நானும் வாரேன் என்றதாம். அன்றிலிருந்து அவளுக்கு நான் அடிமை.

கல்யாணத்துக்குள் நடை பாதிக்குமேல் அடங்கிவிட்டது, ஆனாலும் விருந்தன்றுவரை முழுக்க நிற்கவில்லை. மாமா ஒரு பக்கம், நஸீஹாவின் வாப்பா, மச்சான்மார் மறுபக்கம், நடுவில் பிரியாணி ஆவி பறக்கிறது. நானும் நஸீஹாவும் திரைக்குப் பின்னால், அவள் கையில் நிஜமாகவே செருப்பு! மாமா கை நனைத்தான், ஒரு வாய் வைத்தான், முழங்காலை லேசாக அசைத்தான். அவ்வளவுதான், உன் வாப்பா மெல்லுவதை நிறுத்தினார், சம்பந்தி நிறுத்தினார், நான் மூச்சையே நிறுத்தினேன், அந்த நேரம் பார்த்து முஸ்அப் எடுத்த போட்டோதான் நீ பார்த்தது. மாமா எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் திரைப்பக்கம் திரும்பி, ராத்தா, சோறு ஆறுது, எல்லாரையும் சாப்பிடச் சொல்லு, நான் எங்கயும் போகல என்றான். சம்மணத்தை இறுக்கிக்கொண்டு தாலம் காலியாகும்வரை உட்கார்ந்திருந்தான் சுஹா, நஸீஹா செருப்பைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், நானும்தான்.

மாமாவுக்கு மறக்காமல் போன் போடு, அவன் மாத்திரை போட்டானா என்று கேட்காதே, அதற்கு ஆள் வந்தாச்சு. நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு, அல்லாஹ் உன் கூடவே இருப்பானாக. ஜுனைதா மாமி மாமாவுக்கென்று மறுபடி கிண்டிய தொதல் முழுவதும் உனக்குப் பார்சலில் வருகிறது, அறைத் தோழிகளோடு பகிர்ந்து தின்று உன் மாமாவைக் காப்பாற்று.

துஆவுடனும் இன்னும் நிற்காத சிரிப்புடனும்,
உன் உம்மா
ஃபஸீலா, கீழக்கரை