காரின் பின்பக்கத்தை ஏன் இறக்கினீர்கள்?

இன்று காலை அந்த இரும்பு வளையத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். நம் காரின் பின்பக்க ஸ்பிரிங்கிலிருந்து நீங்கள் வெட்டியெடுத்த ஒரு சுற்று. அதைத் தூக்கிப் போடாமல், மேலே அரக்குப் பட்டு நூலைச் சுற்றி, சாம்பார்க் குண்டானுக்குப் பிரிமணையாக அடுப்படியில் வைத்தீர்கள். நூல் இருந்தால் கல்மேல் வழுக்காது என்றீர்கள். கரியும் எண்ணெயும் ஏறிக் கறுத்துப் போயிருந்த நூல், நான் தேய்த்த தேய்ப்பில் பிரிந்து கையோடு வந்துவிட்டது. அதன் நுனிப் பக்கம் ஒரு முடிச்சு.

அந்த முடிச்சுதான் என்னை வேலை செய்யவிடவில்லை. முப்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர் நீங்கள். அறுந்த இழையைச் சேர்த்த இடம் தெரியாமல் பிணைக்கிற கை. பிரிமணைக்குச் சுற்றும் நூலில் சுண்டைக்காய் அளவுக்கு எதற்கு முடிச்சு? ஏதாவது அளவுக்குப் போட்ட முடிச்சோ என்று நூலை நீட்டி அடுப்புத் திண்டில் வைத்துப் பார்த்தேன், கிரைண்டரில் வைத்துப் பார்த்தேன், எதற்கும் ஒத்துவரவில்லை. சுருட்டிப் பர்ஸில் போட்டுக்கொண்டேன்.

மத்தியானம் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடவேண்டியிருந்தது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, புதியது மாட்டினால் பின்பக்கம் பழையபடி நிமிர்ந்துவிடும் என்று மெக்கானிக் தம்பி போன வாரமே சொல்லியிருந்தான். நானும் சந்தோஷமாகச் சரி என்றேன். உண்மையைச் சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும். பின்பக்கம் பதுங்கிக்கொண்டு நிற்கிற அந்தக் காரின் அழகு எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

என் இடுப்பு பிடித்துக்கொண்ட வருஷம் அது. பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகளுக்கும் ஓரிக்கையில் இரண்டு தறிக்கூடங்களுக்கும் நம் காரில் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். கனம் தூக்கக் கூடாது, தூக்கினால் தொழிலையே விடவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் நீங்கள் தறியிலிருந்து எழுந்து வந்து குண்டானில் கை வைத்தீர்கள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

“நான் தூக்க முடியாத அன்னிக்கு அடுப்ப அணைச்சிடுறேன். அதுவரைக்கும் யாரும் இதுல கை வைக்காதீங்க” என்றேன்.

நீங்கள் தறிக்குத் திரும்பிப் போய்விட்டீர்கள். அடுத்த வாரம் காரின் பின்பக்கத்தை இறக்கப் போவதாக அறிவித்தீர்கள். ஐம்பது வயதில் எதற்கு இந்த ஆசை என்று கேட்டேன்.

“சும்மா ஸ்டைலுக்குத்தான்மா.”

தெருவே சிரித்தது. குள்ளமான ஸ்பிரிங் கடையில் செட்டாகக் கிடைக்குமாம். அதற்கு நம்மிடம் வசதி இல்லை. இருப்பதையே ஒரு சுற்று வெட்டுவது என்று முடிவானது. கேஸ் வைத்து வெட்டினால் சூட்டில் எஃகு செத்துவிடும் என்று, மெக்கானிக் தம்பியிடம் கட்டிங் மெஷின் வாங்கி, தண்ணீர் ஊற்றி ஊற்றி அறுத்தீர்கள். தண்ணீர் ஊற்றியது நான்தான். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகும், கனம் ஏற்றினாலும் ரொம்ப அமுங்காது என்று நீங்கள் சொன்னது எனக்கு நம்பும்படியாகவே இல்லை. மாட்டியபின் ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்பிரிங் இடத்தைவிட்டுக் கழல்கிறதா என்று ஆட்டிப் பார்த்தீர்கள். ஸ்டைலுக்கு இவ்வளவு கவனமா என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

மட்டம் பார்க்க டிக்கியில் ஒரு குண்டான் தண்ணீர் வைத்தீர்களே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தண்ணீர் இடது பக்கம் ஏறி நின்றது. உடனே வலது ஸ்பிரிங்கில் இன்னும் கொஞ்சம் வெட்டினீர்கள். தண்ணீர் விளிம்புக்குச் சரியாக நின்றது. மறுநாள் ஓரிக்கை போவதற்குள் வலது பக்கம் முழுக்கச் சாம்பார். நம் தெருவே கால்வாய்ப் பக்கம், இடப்புறம் சரிந்துதான் கிடக்கிறது என்பது இருவருக்குமே உறைக்கவில்லை. வெட்டியதை ஒட்டவா முடியும்? பழைய டயரை நறுக்கி வலது ஸ்பிரிங்குக்கு அடியில் கொடுத்துச் சமாளித்தீர்கள். நான் ஒரு வாரம் சாம்பார் நாற்றத்தைச் சொல்லிச் சொல்லித் திட்டினேன்.

ஒர்க்‌ஷாப்பில் இன்று வண்டியைத் தூக்குமுன், சும்மா தோன்றியது, அந்த நூலைத் தரையிலிருந்து டிக்கி விளிம்பு வரைக்கும் பிடித்துப் பார்த்தேன். விளிம்புக்கு ஒரு விரல் மேலே முடிச்சு. ஸ்பிரிங் தளர்ந்து இறங்கிய ஒரு விரலைக் கழித்தால் சரியான அளவு. ஆனால் ஸ்டைலுக்கு இறக்குகிறவர் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில்தானே இடைவெளி பார்ப்பார்? டிக்கி விளிம்பை எதற்கு அளந்தீர்கள்?

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெட்டுவதற்கு முதல் நாள், காலிக் குண்டானைக் கொடுத்து என்னை வாசலில் நிற்கவைத்தீர்கள். எப்போதும் தூக்குவதுபோல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே குந்தி ஏதோ செய்தீர்கள். என்ன என்று கேட்டதற்கு, “அடி நசுங்கிக்கினு இருக்குதான்னு பாக்குறேன், ஆடாத நில்லுமா” என்றீர்கள்.

டிக்கியிலிருந்து அதே குண்டானை எடுத்து அணைத்துக்கொண்டு, தம்பியை நூலைப் பிடிக்கச் சொன்னேன். ஒரு முனையைத் தரையில் வைத்து மேலே இழுத்தான். முடிச்சு குண்டானின் அடியில் போய்த் தொட்டது.

அவன் என்னையும் குண்டானையும் மாறிமாறிப் பார்த்தான். “மாமா எங்கிட்டயும் ஸ்டைலுக்குன்னுதான்க்கா சொன்னாரு” என்றான்.

இத்தனை வருஷமும் குண்டானை மேலே ஏற்றாமல் அப்படியே டிக்கிக்குள் தள்ளியிருக்கிறேன். இடுப்பு தானாகத் தேறிவிட்டது என்று பெருமை வேறு. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது உங்கள்மேல் கோபமாக வருகிறது. சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் அதையும் வேண்டாம் என்றிருப்பேன், அது உங்களுக்குத் தெரியும். தெரு முழுக்கச் சிரித்தபோதும், நானே சிரித்தபோதும் வாயைத் திறக்காமல் இருந்தீர்களே, அதை நினைத்து ஒர்க்‌ஷாப் என்றும் பார்க்காமல் அழுதேன்.

புது ஸ்பிரிங்கிலும் வெட்டச் சொல்லிவிட்டேன், முடிச்சுக்குச் சரியாக. மட்டம் பார்ப்பதாக இருந்தால் நம் தெருவில் பார்க்காதே என்றும் சொன்னேன். நாளைக்கு வண்டி வந்துவிடும். ஓரிக்கைக்குச் சாம்பார் போகவேண்டும். குண்டானை நான்தான் தூக்குவேன்.