வெள்ளைத்தாளை வெட்டாதே

கார்டன் ரீச்,
கல்கத்தா.

மாதவ்,

இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, கொதிக்கிறது என் மனசுதான். அங்கே நீ, ஜெயப்ரியா, குட்டி வித்யா எல்லாரும் சௌக்கியமா இருக்கணும். போன்ல சொன்னா பாதியில மீட்டிங்னு வச்சிடுவே, அதான் உட்கார்ந்து எழுதுறேன், முழுசாப் படி.

என் அறுபதாவது பிறந்தநாளுக்கு நான் வரைஞ்ச படங்களைப் புத்தகமா அச்சடிச்சு அனுப்பினியே, வந்து சேர்ந்தது. ஆசை ஆசையாப் பிரிச்சேன், கீழ்வீட்டு வங்காளி அண்ணி, சோமா பௌதியும் கூட இருந்தாங்க. அட்டையில நான் வரைஞ்ச என் முகம். அதைப் பார்த்துட்டு, இது யாரு, உங்க மருமகளான்னு கேட்டாங்க. இருபது வருஷமா தினமும் என் முகத்துல முழிக்கிறவங்கடா! அப்பா உனக்குப் போன் பண்ணினப்போ, படம் கொஞ்சம் டல்லா இருந்துச்சு, பளிச்சுன்னு ஆக்கினேன்னு சொன்னியாமே. டல்லா? அதுதான்டா என் நிறம்!

அந்தப் படத்தைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்ப நான் பட்ட பாடு உனக்கு என்ன தெரியும்? நீ வாங்கிக் கொடுத்த கேமராதான். ஃப்ளாஷ் போட்டா எண்ணெய்ச் சாயம் கண்ணாடி மாதிரி மின்னுது, ட்யூப்லைட்ல எடுத்தா முகத்துல பச்சை ஏறுது. எல்லா லைட்டையும் அணைச்சு, வெயில் நேரா விழாத பால்கனியில படத்தைச் சாயாம நிறுத்தி, லென்ஸ் படத்தோட நடுவுக்கு நேரா வர்ற மாதிரி ஸ்டூல் மேல புத்தகங்களை அடுக்கி, கை பட்டா ஆடும்னு டைமர் வச்சு எடுத்தேன். மழை மேகம் வந்து வந்து வெளிச்சத்தைக் கெடுத்தது. முட்டிவலியோட அப்பா ஓரத்துல வெள்ளைத்தாளைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். தாள் வெள்ளையாத் தெரிஞ்சா மத்த நிறமும் சரின்னு அர்த்தம். நீ என்ன பண்ணினே? முதல்ல அந்தத் தாளை வெட்டி எறிஞ்சே, அப்புறம் என்னை வெளுத்தே.

என் கல்யாணப் போட்டோவுல ஸ்டூடியோக்காரன் எனக்கு மாவு பூசின மாதிரி பண்ணி வச்சான். எல்லாரும் அடடான்னாங்க, நானும் வாயை மூடிக்கிட்டேன். அவன் யாரோ எவனோ. நீ என் வயித்துல பொறந்தவன். என் கன்னத்து நிறத்தைக் கலக்கறதுக்கு எத்தனை நாள் கண்ணாடி முன்னாடி உட்கார்ந்தேன் தெரியுமா? கறுப்புன்னு நாலு பேர் சொன்ன முகத்தை முதல் தடவையா எனக்கே பிடிச்சு வரைஞ்சேன்டா.

நேத்து இன்னொண்ணு தோணிச்சு, அதுல இருந்து சோறு இறங்கலை. குட்டி பொறந்த அன்னிக்கு ஜெயப்ரியா வீடியோவுல காட்டினப்போ அச்சு அசல் என் நிறம். அப்புறம் நீ அனுப்பின போட்டோவுல எல்லாம் ரோஜாப்பூ கணக்கா இருக்கா. குளிர் தேசம், வெளுத்துட்டா போலன்னு நானும் நம்பினேன். மாதவ், உண்மையைச் சொல்லு, அவளையும் நீதான் வெளுத்தியா?

இன்னும் அவளை நான் கையில தூக்கக்கூட இல்லை. எனக்கு ஒரே ஒரு போட்டோ அனுப்பு. லைட்டை அணைச்சுட்டு ஜன்னல் பக்கம் அவளை உட்கார வை, பக்கத்துல ஒரு வெள்ளைத்தாளை வை. அவ அதைக் கிழிச்சாலும் பரவாயில்லை, நீ வெட்டாதே.

கோபத்துல எழுதினாலும் வாழ்த்து வாழ்த்துதான். மூணு பேரும் நூறு வயசு நல்லா இருங்க. மருந்துக்கடைச் சிவப்பழகு க்ரீம் எதையும் குழந்தைக்குத் தடவிடாதே, தேங்காய் எண்ணெய் போதும்.

உன் கறுப்பு அம்மா,
மகேஸ்வரி