சம்பா அரிசி இருக்கிறதா?

சாலைக் கடைத்தெரு,
திருவனந்தபுரம்,
8-2-2004.

அன்புள்ள அஜின் அத்தானுக்கு,

ஷிஜா எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். மனாமாவில் குளிர் விட்டுவிட்டதா? உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நான் ரிசீவரை எடுத்தாலே அம்மா டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுகிறாள். ஈமெயில் அனுப்பினால் உங்கள் சூப்பர்வைசர் முதலில் படிப்பார். வெப் சர்வீஸ் படிக்கிறவள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாளே என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரித்துவிட்டு முழுவதும் படியுங்கள்.

உங்கள் மூன்று கடிதங்களும் கிடைத்தன. மூன்றிலும் கடைசியில் ஒரே கேள்வி. உனக்கு ஃபேமிலி விசா தயார், கோர்ஸை விட்டுவிட்டு மார்ச்சில் வந்துவிடுகிறாயா என்று. நானும் மூன்று முறை பதில் எழுதினேன். ஆற்றுகால் அம்மன் பொங்காலைக்குக் கடையில் பச்சரிசி வாங்கக் கூட்டம் வரும் என்று எழுதினேன். மாமி வந்து இரண்டு நாள் தங்கிப் போனதை எழுதினேன். போனில் கேட்டபோது பார்க்கலாம் என்றேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அது எவ்வளவு பெரிய தப்பு என்று இந்த வாரம்தான் எனக்கு உறைத்தது.

எம்.சி.ஏ. கடைசி செமஸ்டரில் நாங்களே ஒரு வெப் சர்வீஸை வடிவமைத்துக் கட்ட வேண்டும். பயந்துவிடாதீர்கள், விஷயம் எளிது. ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் புரோகிராம் வேறெங்கோ இருக்கும் கம்ப்யூட்டரின் புரோகிராமிடம் கேள்வி கேட்கும், அது பதில் தரும். நடுவில் மனிதர்கள் கிடையாது. நான் அப்பாவின் அரிசிக் கடையை எடுத்துக்கொண்டேன். எந்த அரிசி எத்தனை மூட்டை கையிருப்பில் இருக்கிறது என்று என் சர்வீஸ் சொல்லும். ஹாஸ்டல் மெஸ்ஸின் சார்பில் கேள்வி கேட்கும் புரோகிராமை என் புராஜெக்ட் ஜோடி சபீனா எழுதினாள்.

முதல் முட்டுக்கட்டை அப்பாதான். சரக்கு தீர்ந்திருந்தால் இல்லை என்று பதில் போகும் என்று காட்டினேன். அவர் முகம் சுண்டிவிட்டது. மோளே, முப்பது வருஷமா இந்தக் கடையில அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை, நாளைக்கு வரும்னு போடு என்றார். உங்களுக்குத்தான் தெரியுமே, வீட்டில் உப்பு தீர்ந்தால்கூட உப்பு வாங்கணும் என்போமே தவிர, இல்லை என்று சொல்ல மாட்டோம். எனக்கும் அதை எழுதக் கை வரவில்லை. நாளைக்கு வரும் என்று பொய் சொல்லவும் மனசில்லை. அந்த இடத்தை வெறுமனே விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை ரிவ்யூ. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போனேன். பச்சரிசிக்கும் பொன்னிக்கும் டக் டக்கென்று பதில் வந்தது. அடுத்து சபீனா சம்பா அரிசி கேட்டாள். அன்று கடையில் சம்பா ஒரு மூட்டைகூடக் கிடையாது. என் சர்வீஸ், கடிதம் வைக்க மறந்த உறை மாதிரி, ஒன்றுமில்லாத பதிலை அனுப்பியது. எண்ணிக்கை வராவிட்டால் மறுபடி கேள் என்று அவள் தன் புரோகிராமில் எழுதி வைத்திருந்தாள். அது கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. ஆசிரியர்கள் பார்த்திருக்க அவள் திரை அப்படியே நின்றுவிட்டது. எடீ, உண்டெங்கில் உண்டுன்னு சொல்லு, இல்லெங்கில் இல்லைன்னு சொல்லு, பதிலே தராம மிண்டாம இருந்தா அது பாவம் என்ன செய்யும் என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டாள். திருத்திக்கொண்டு வர இரண்டு வாரம் கொடுத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் லேபில் உட்கார்ந்து, வந்த கேள்விகளின் பதிவைத் திறந்தேன். பக்கம் பக்கமாக ஒரே வரி. சம்பா அரிசி இருக்கிறதா? சம்பா அரிசி இருக்கிறதா? நானூற்றுப் பன்னிரண்டு முறை. கோபப்படாமல், விட்டுவிட்டும் போகாமல். எனக்கு அழுகை வந்துவிட்டது, அத்தான். உங்கள் மூன்று கடிதங்களும் என் பைக்குள்தான் இருந்தன.

கடைக்கு வருகிறவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் உங்களுக்கு என் முகம் எப்படித் தெரியும்?

சர்வீஸைத் திருத்திவிட்டேன். அரை நாள் மல்லுக்கட்டிய பிறகு, அந்த வார்த்தை வேண்டாம், பூஜ்யம் என்று போட்டுக்கோ என்று அப்பா இறங்கி வந்தார். பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த லாரி வரும் தேதியும் போகும்.

இனி என் பதில். மார்ச்சில் நான் வரவில்லை. கோர்ஸை விட மாட்டேன். கடைசிப் பரீட்சை மே இருபத்தொன்று. அதற்கு மறுநாளே டிக்கெட் எடுத்தாலும் வருகிறேன். இந்த விசா வீணாகிவிடும், மறுபடி அலைய வேண்டியது நீங்கள்தான் என்பதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். மூன்று வருஷம் படித்ததை மூன்று மாதம் பொறுக்காமல் விட்டுவிட்டு வந்தால், அங்கே உங்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டே உள்ளுக்குள் உங்களைக் குறை சொல்லிக்கொண்டிருப்பேன். அந்தப் பயம் எனக்கு இருக்கிறது. உங்களோடு இருக்க ஆசையில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஆசை நிறையவே இருக்கிறது.

நான் வந்துதான் திறக்க வேண்டும் என்று குக்கரைப் பெட்டி பிரிக்காமல் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். பிரித்துவிடுங்கள். மே வரை ஹோட்டல் சாப்பாடு உங்கள் வயிற்றுக்கு ஆகாது. ஒருவருக்கு ஒரு டம்ளர் அரிசி, மூன்று விசில். நான் வரும்போது அதன் அடி கறுத்திருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

பதில் போடுங்கள். கோபம் என்றால் கோபம் என்றே எழுதுங்கள். வெறும் உறையை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

உங்கள்
ஷிஜா