குடுவைச் செடி காய் பிடித்ததால் நின்றுபோன விடுப்பு

அனுப்புநர்:
க. ராக்கப்பன்,
கமுதி வட்டம், இராமநாதபுரம் மாவட்டம்.
தற்போது: தொழிலாளர் கேம்ப், தொழிற்பேட்டை, தோஹா, கத்தார்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
அயலகத் தமிழர் நல ஆணையரகம், சென்னை.

பொருள்: செடியைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்ட ஊர் விடுப்பைப் பெற்றுத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இங்கே ஒரு தனியார் நிறுவனத்தின் கண்ணாடித் தோட்டத்தில் குளிர் அறைப் பணியாளன். வெளியே வெயில் ஆளைப் பொசுக்கும்போது நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டூட்டி பார்க்கிறேன். கேம்பில் என்னைக் கொடுத்துவைத்தவன் என்கிறார்கள். அந்த அறைக்குள் நாள் முழுக்கப் பேச ஓர் ஆள் கிடையாது.

2. என் பொறுப்பில் இருப்பது ஒரு குடுவைச் செடி. போர்னியோத் தீவில் இரண்டே மலைகளில், மேகம் வந்து படியும் உயரத்தில்தான் இந்த இனம் தானாக முளைக்குமாம். இலை நுனியில் பெரிய சொம்பு போலக் குடுவை விடும். அதில் விழும் பூச்சிதான் அதற்குச் சோறு. அங்கே மலை எலி வந்து மூடியில் ஊறும் தேனை நக்கிவிட்டு, குடுவைக்குள்ளேயே கழிந்துவிட்டுப் போகுமாம். அதையும் உரமாக்கிக்கொள்ளும் என்கிறார்கள். இரவுக் குளிரையும் ஈரக் காற்றையும் இங்கே மெஷின் தருகிறது. உப்பில்லாத தண்ணீர் ஊற்றுவது நான்.

3. ஈராண்டுக்கு ஒருமுறை விடுப்பு என்பது ஒப்பந்தம். எனக்கும் என் மனைவி நாகஜோதிக்கும் குழந்தை இல்லை. இருவரும் சேர்ந்து வந்தால்தான் சிகிச்சை என்றும், இனியும் தள்ளினால் வயது இடம் கொடுக்காது என்றும் மதுரை மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்காகவே சித்திரையில் விடுப்புக் கேட்டேன், கொடுத்தார்கள்.

4. எனக்கு மாற்றாக விமல் என்ற தம்பியைப் பழக்கினேன். கண்ணாடி அறையில் ஈ, எறும்பு கிடையாது என்பதைப் பார்த்து அவன் மனம் கேட்கவில்லை. தன் டிபன் பாக்ஸிலிருந்த குழம்பு மீனை, ஒவ்வொரு குடுவைக்கும் ஒரு துண்டாகப் போட்டுவிட்டான். கேட்டதற்கு, “வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிதுண்ணே, நா மட்டும் எப்பிடித் திங்கிறது?” என்றான். குடுவைகள் அழுகி நாறின. அவனை வெயில் சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செடி தேறும்வரை என் விடுப்பும் கலாஸ். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பசியறிந்த பிள்ளை.

5. செடி பிழைத்துப் பூத்தது. இந்த இனத்தில் ஆண் வேறு, பெண் வேறு. இங்கிருப்பது பெண். அதற்குத் துணையாக, பூத்த ஆண் செடி ஒன்றை உரிய அனுமதி வாங்கி, குளிர்ப் பெட்டியில் விமானத்தில் கொண்டுவந்தார்கள். தூரிகையால் மகரந்தம் தொட்டு வைத்தது நான். காய் பிடித்துவிட்டது. மேலாளர் என்னைக் கட்டிப்பிடித்து, கேம்ப் முழுக்க இனிப்புக் கொடுத்தார். விதை முற்றும்வரை ஊர்ப் பேச்சே எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

6. இதை மனைவியிடம் போனில் சொன்னேன். “அதுக்கு மட்டும் சோடிய பிளேன்ல கூட்டியாந்தாகளா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அதன்பின் நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. மருத்துவமனைக்குத் தனியாகப் போய், புருஷன் எங்கே என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவள் ஓய்ந்துவிட்டாள். எனக்கும் இந்தத் தனிமை தாங்கவில்லை ஐயா.

ஆகவே, தாங்கள் இங்குள்ள தூதரகம் வழியாக நிறுவனத்துடன் பேசி, எனக்கு ஒரு மாத விடுப்புப் பெற்றுத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். யாரை அனுப்பினாலும், மீன் குழம்பு கூடாது என்பது முதலாக எல்லாம் பழக்கிக் கொடுத்துவிட்டே கிளம்புவேன். செடி நன்றாக இருக்கட்டும். காய் பிடித்த அன்று அந்த அறையில் ஆள் பார்க்காமல் அழுதவன் நான். நாங்கள் இருவரும் ஒரே நாளில் அந்த மருத்துவமனை வாசலில் நிற்பதற்கு மட்டும் வழி செய்யுங்கள்.

இடம்: தோஹா
நாள்: 14.08.2024

இங்ஙனம்,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
க. ராக்கப்பன்